பூவுக்குப் பதிலாக நாய்த்தீனி

ராய்ஸ் இன்னொரு மூட்டையையும் கத்தியால் கிழித்தான். நாய்த்தீனி சமையலறைத் தரை முழுக்கச் சிதறி ஓடியது. இறைச்சி அரிகிற நீளக் கத்தி அது. தம்பி அதைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்து நொரீன் குளிர்பெட்டியோடு ஒட்டி நின்றாள்.

"செத்தவங்களுக்குப் பூ வைப்பாங்க, பாத்திருக்கேன். நாய்த்தீனி மூட்டை அடுக்குறத இன்னிக்குத்தான் பாக்கறேன். யாரு குடுத்த யோசனை இது? நீதானேக்கா?"

அவள்தான். பூவுக்குப் பதிலாக, போரிலிருந்து மனம் உடைந்து திரும்பியவர்களுக்குத் துணைநாய் பழக்கித் தரும் அறக்கட்டளைக்கு உதவுங்கள் என்று மரண அறிவிப்பின் கடைசியில் சேர்த்தவள் நொரீன். காசோலை அனுப்புவார்கள் என்று நினைத்தாள். இந்த ஊர்க்காரர்களைப் பற்றித் தெரிந்தும் அப்படி நினைத்தது அவள் தப்பு. பணம் எவன் கைக்குப் போகுமோ என்று, ஆளுக்கொரு தீனி மூட்டையைத் தோளில் தூக்கி வந்து சாவு வீட்டில் இறக்கிவிட்டார்கள். ஒரு புண்ணியவதி பழைய போர்வைகளைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்தாள். நல்ல மனசுதான், யார் இல்லையென்றது. வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லை.

அவர்களுடைய அப்பா ஹார்லன் ஸ்ட்ரவுட் செவ்வாய்க்கிழமை காலை வாசலில் பனி வாரும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். தபால்காரர் வந்து பார்த்தபோது உயிர் இல்லை. மேப்பிள் என்கிற நாய் அவர்மேல் குறுக்கே படுத்திருந்தது. அறக்கட்டளைக்காக அவர் வளர்த்த நாய்களில் அது கடைசி. குட்டியாக வாங்கி வந்து, பழக்கி, வளர்ந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சத்தத்துக்குப் பயப்படக் கூடாது என்று தினமும் அதன் பக்கத்தில் பாத்திரங்களைத் தூக்கிப் போட்டு உருட்டுவார், உடனே ஒரு துண்டு சீஸ் ஊட்டுவார். பழைய குணம் திரும்பிவிட்டது என்று அடுத்த வீட்டுக்காரி போலீஸைக் கூப்பிட்டதும் உண்டு. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அதற்கு முன் அந்த வீட்டில் பாத்திரம் பறந்ததெல்லாம் பிள்ளைகளின் தலையைக் குறிபார்த்து.

"நம்ம நாய் பிஸ்கட்ட மறந்துட்டியா?" என்றான் ராய்ஸ்.

"மறக்கல."

"ஜூலை நாலாம் தேதி, சுதந்திர தினம். ஊரே வெடி வெடிச்சுது, நாய் பயந்து ஊளையிட்டுது. அதுக்கு அந்த ஆளு என்ன பண்ணாரு? சொல்லு."

"வேணாம்டா. நேரமாச்சு."

"நான் கயித்தப் பிடிச்சிட்டு நிக்கறேன். நிக்கறப்பவே சுட்டாரு. என் சட்டையெல்லாம் ரத்தம். அப்புறம் என்னையே குழி தோண்டச் சொன்னாரு. அழுதேன்னு மண்வெட்டிக் கட்டையால முதுகுல போட்டாரு. இன்னிக்கு அவரு நாய்களுக்குத் தெய்வம், இல்ல?"

நொரீன் எதையும் மறுக்கவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். சவப்பெட்டிக்கு ஆறு கைப்பிடி. ஐந்தை அப்பாவோடு வியட்நாமில் இருந்த கிழவர்கள் பிடிப்பார்கள். ஆறாவதைத் தம்பி பிடிக்க வேண்டும். ஊர் என்ன சொல்லும் என்பதற்காக இல்லை. இன்று பிடிக்காமல் போனால் அவன் இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டான். அவள் பிறந்த வீட்டில் மிச்சமிருக்கிற ஒரே ஆள் அவன்.

அந்த ஐவரில் ஒருவரான வெர்னன், இவர்களை ஆலயத்துக்கு அழைத்துப் போக வந்தவர், பூட்ஸில் ஒட்டிய பனியை உதறிக்கொண்டு உள்ளே நுழைந்தார். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

"உங்கப்பன் தங்கமான மனுஷன்டா ராய்ஸ். அவன் வளர்த்த நாயாலதான் எத்தனையோ பேரு இன்னிக்கு உசுரோட..."

ராய்ஸ் கத்தியை மேஜையில் குத்தி நிறுத்திவிட்டு, அவர் வாயிலேயே ஒரு குத்து விட்டான். பொய்ப்பல் தெறித்துத் தீனிக்குள் விழுந்தது. கிழவர் கதவு நிலையில் மோதிச் சரிந்தார். வெள்ளைத் தாடியில் ரத்தம் வழிந்தது. ராய்ஸ் அதோடு விடவில்லை. அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த பன்றித் தொடை, உருளைக்கிழங்கு, கண்ணாடிக் கிண்ணங்கள், எல்லாவற்றையும் மேஜையிலிருந்து ஒரே வீச்சில் தரையில் தள்ளினான். இரும்பு வாணலியை எடுத்து ஜன்னலில் வீசினான். பனிக்காற்று உள்ளே வந்தது.

நொரீன் எப்போது தரையில் உட்கார்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. குளிர்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில், முழங்கால்களை மடக்கி, இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு கிடந்தாள். பேரன் பேத்தி எடுத்தவள். பல் கிட்டித்துக்கொண்டது.

மேஜைக்கடியிலிருந்து மேப்பிள் எழுந்தது. கண்ணாடிச் சில்லுகளைச் சுற்றிக்கொண்டு, ராய்ஸைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டிப்போய், நொரீன்மேல் முழு எடையையும் போட்டுப் படுத்தது. ஹார்லன் தரையில் விழுந்து நடுங்கிக் காட்டிச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. நடுங்குகிறவர்மேல் படு, நடுக்கம் நிற்கும்வரை எழுந்திருக்காதே. அருமையாக நடிக்கிறார் என்று அறக்கட்டளைக்காரர்கள் மெச்சுவார்கள். அதில் பாதிதான் நடிப்பு என்று நொரீனுக்குத் தெரியும்.

"ஏய், எந்திரி. அவள விடு," என்றான் ராய்ஸ்.

நாய் அசையவில்லை.

"என்னக்கா இது, எந்திரிக்க மாட்டேங்குது?"

வெர்னன் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அவ நடுக்கம் நிக்கணும். அதுவரைக்கும் எந்திரிக்காது."

"அக்கா, முடிஞ்சுது. ஒண்ணுமில்ல. பாரு, கை சும்மாதான் இருக்கு."

கையை விரித்துக் காட்டிக்கொண்டு ஓர் அடி முன்னால் வைத்தான். அவள் உடம்பு தூக்கிப் போட்டது. மேப்பிள் இன்னும் அழுத்திக்கொண்டது.

"என்னப் பாத்தா பயமா இருக்கா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். தலை ஆமென்று ஆடியது.

"அவரப் பாத்த மாதிரியா?"

வெர்னன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாய் அப்படியே கிடந்தது. ராய்ஸ் கோட்டுகூட எடுக்காமல் வெளியே போனான். கதவைச் சத்தம் வராமல் சாத்தினான். நொரீனின் மூச்சு மெல்ல மெல்லச் சீரானது. மேப்பிள் அவள் முகத்தை முகர்ந்து பார்த்துவிட்டு எழுந்து உடம்பை உதறிக்கொண்டது.

அவர்கள் வெளியே வந்தபோது ராய்ஸ் வீட்டுக்கு முதுகைக் காட்டிப் பனியில் நின்றிருந்தான்.

"எந்திரிச்சுதா?"

"எந்திரிச்சுது."

"கண்ணாடி எதுவும் அதுக்குக் குத்தலியே?"

"இல்ல. உள்ள போய் கோட்டப் போட்டுக்க."

அவன் போகவில்லை. வெர்னனின் பிக்கப் வண்டியில் முன்னால் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். மேப்பிளைக் காலடியில் படுக்க வைத்து, நொரீன் நகர்ந்து இடம் விட்டாள். ராய்ஸ் அந்த இடத்தைப் பார்த்தான். சுற்றிப் போய், டயரில் கால் வைத்து, பின்னால் சாமான் ஏற்றுகிற திறந்த தொட்டிக்குள் ஏறினான்.

"விறைச்சுச் செத்துருவ. முன்னால வாடா," என்றார் வெர்னன், வீங்கிய வாயோடு.

"வண்டிய எடுங்க. பெட்டி காத்துட்டிருக்கும்."

வண்டி கிளம்பியது. நொரீன் பின்பக்கக் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தாள். சாவுக்கென்று இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு அவன் உட்கார்ந்திருந்தான். தலையில் பனி விழுந்துகொண்டிருந்தது. அதைத் தட்டிவிடவில்லை. கைகள் இரண்டையும் தொடைகளுக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தான்.