வேலிக்கு வெளியே

இடுப்பு கழன்று விழுந்துவிடும்போல இருந்தது. லூர்துமேரி கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள். நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. திண்டிவனத்துச் சரளை மண், குத்துக்கு ஒரு பிடிதான் பெயர்ந்தது. கள்ளி வேலிக்கு அந்தப் பக்கம் கல்லறைத் தோட்டம். இந்தப் பக்கம் அவள் புருஷனுக்குக் குழி.

சவுரிராயன் வாத்தியார் விடியற்காலம் போனார். யுத்தத்தால் துணி கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கட்டிப்போன பழைய வேட்டியையே போர்த்திக் கிடத்தியிருந்தார்கள்.

வேலியோரம் மாதா கோயில் உபதேசியார் தேவசகாயம் குடையோடு நின்றார். அவருக்கும் சங்கடம்தான்.

"லூர்து, பேஜாரு பண்ணாத. கடைசியில சிலுவையில பாடுபட்ட சுரூபத்த முத்தம் பண்ணாருன்னு ஒரு வார்த்த சொல்லு. சாமியார் வேலிக்குள்ள மந்திரிச்ச மண்ணுல எடங்குடுப்பாரு. துக்கமணியும் அடிப்பாங்க."

"முத்தம் பண்ணலையே."

"நான் கூட இருந்து பார்த்தேனா? நீ சொன்னா சரிதான்."

"நான் இருந்தேனே. கேப்பைக் கூழு கேட்டாரு. ரெண்டு வாய் குடிச்சாரு. உப்பு பத்தலடின்னாரு. அம்மாந்தான் பார்த்தேன். பார்க்காதத பார்த்தேன்னு சொல்லமாட்டேங்க."

"அந்தச் சீமைத் தத்துவக்காரன் உன்னையும் புடிச்சுக்கினானா?"

பிடித்துத்தான் இருந்தான். இருநூறு வருஷத்துக்கு முன்னே செத்துப்போன அந்த இங்கிலீஷ்காரன் எழுதியதை மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, சவுரிராயன் அடுப்பங்கரைக்கு வந்து சொல்வார்.

"பொறக்கும்போது மனசு சாணி மெழுகின தரைடி. கோழி நடந்தா கோழிக்காலு, நாய் நடந்தா நாய்க்காலு. கண்ணும் காதும் கொண்டாந்து போடுறதுதான் அறிவு."

"ஆண்டை வூட்டுப் புள்ளைக்கு?"

"அவனுக்குந்தான்."

வகுப்பிலும் அதையேதான் சொன்னார். மேலான புத்தியோடு எவனும் பிறப்பதில்லை. சாமியைக்கூடச் சொல்லிக்கொடுத்துத்தான் தெரிந்துகொள்கிறோம். இரண்டாவதாகச் சொன்னதுதான் குற்றம் என்று சாமியார் வேலையைப் பிடுங்கினார். கோயிலில் முன்னால் உட்காருகிற சாதிக்காரர்களுக்கு முதலாவதுதான் உறைத்தது என்பது சேரிக்கே தெரியும்.

இன்னொன்றும் சொல்வார்: "நல்லது இன்னான்னு தெரிஞ்சதால மனுசன் எழுந்திரிக்கிறதில்ல. ஒக்காந்த எடம் குத்துது, எழுந்திரிக்கிறான்." வாத்தியாருக்கு யாரும் குழி வெட்டப் போகக்கூடாது என்று காலையில் கோயிலிலிருந்து ஆள் வந்து சொன்னபோது, பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்குக் குத்தியது. கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"அப்ப மணி கெடையாது" என்றார் உபதேசியார்.

"கேட்டுக்கினேன். நகருங்க, மண்ணு தெறிக்கும்."

அவர் போன கொஞ்ச நேரத்தில் மண்ணாங்கட்டி மண்வெட்டியோடு வந்தார். வேலிக்குள்ளே குழி வெட்டுவது அவர் பிழைப்பு. பள்ளத்தை எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, வாத்தியாரு காலை மடக்கிக்கினா படுக்கப்போறாரு? இம்மாம் கட்டையா வெட்டி வச்சிருக்க."

"அண்ணே, தெரிஞ்சா உன் வேல போயிடும்."

"போனா போவுது. வூட்டுல ஒக்கார முடியல. ஏறு மேல."

அவள் ஏறவில்லை. அவர் தலைமாட்டில் இறங்கினார். அவள் கால்மாட்டை நீட்டி வெட்டினாள். சரளையில் இரும்பு மோதுகிற சத்தம் மட்டும்.

உச்சிப்பொழுதில் கோயில் மணி அடித்தது. மண்ணாங்கட்டி தலைத்துணியை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"அடிக்குது பாரும்மா. வாத்தியாருக்குன்னு வச்சிக்கயேன்."

"அது மத்தியான மணிண்ணே. தெனம் அடிக்கிறது."

அவள் நிறுத்தாமல் குத்தினாள். மணி ஓய்ந்தது. சவுரிராயனுக்கு அந்தக் கோயில் ஒரு துக்கமணி பாக்கி வைத்திருந்தது.