ரபிகா வீட்டு ரொட்டி

அயிமை லோர்னாவுக்குத் தத்துக் கொடுக்க நீதிபதி சம்மதித்துவிட்டார். ஆனாலும் மேல்முறையீட்டுக் கெடு முடியும்வரை யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் சொல்லலாம். சொல்லிவிட்டால் அயிம் அமெரிக்காவுக்கு, நெப்ராஸ்காவுக்கு வரமாட்டாள். கணவர் வேலைக்குத் திரும்பிவிட்டதால், கஜகஸ்தானின் குஸ்தனாய் நகரத்துப் பனியில் லோர்னா தனியாகக் காத்திருந்தாள். ஜெபிக்க உட்கார்ந்தால் ஒரு முகம் நடுவே வந்து நிற்கும். ரபிகாவின் முகம்.

ஐந்து வயது அயிமைக் கைக்குழந்தையிலிருந்து வளர்த்த ஆயா அவள். லோர்னா குழந்தைகள் இல்லத்துக்கு வரும்போதெல்லாம் கதவோரம் நின்று, பேசாமல், சிரிக்காமல் பார்ப்பாள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் நின்றுவிடும் என்று லோர்னாவுக்குப் பட்டது.

கெடு முடிவதற்கு முந்தின நாள் இல்லத்தில் ரபிகாவின் அறை திறந்து கிடந்தது. சுவர் நெடுக வெள்ளைத் துணி முடிச்சுகள் தொங்கின. ஒன்று அவிழ்ந்திருந்தது. உள்ளே கல்லாய் இறுகிப்போன ரொட்டி. ஓரத்தில் சின்னப் பற்களின் தடம். லோர்னா ஓரடி பின்வாங்கினாள். மொழிபெயர்க்க வந்த மதினாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இது ஏதோ மந்திரம். டைரக்டர் அம்மாகிட்ட இப்பவே சொல்லப்போறேன்."

"அய்யோ அக்கா, மந்திரமாவது மண்ணாவது! வீட்ட விட்டுக் கிளம்புறவங்க ஒரு வாய் கடிச்சுட்டுப் போவாங்க. மிச்சத்தத் திரும்பி வந்து தின்னணும். அதுவரைக்கும் அது தொங்கும். என் தம்பி பட்டாளத்துலேர்ந்து வந்து தின்னான், பல்லே ஆடிப்போச்சு!"

லோர்னா மறுபடி சுவரைப் பார்த்தாள். "இங்கேர்ந்து போனவங்கள்ல யார் திரும்பி வந்தாங்க?"

மதினாவின் சிரிப்பு அடங்கியது.

மறுநாள் ஆட்சேபம் ஏதும் வரவில்லை. இல்லத்து உடையைக் கழற்றி, லோர்னா கொண்டுவந்த சிவப்புக் கோட்டை அயிமுக்குப் போட்டார்கள். வெளியே கார் ஹாரன் அடித்தது. ரபிகா ஒரு வட்ட ரொட்டியை நீட்டினாள். குழந்தை உதட்டை இறுக மூடிக்கொண்டது. ரபிகாவின் முகம் வெளிறியது.

கடைசியில் குழந்தை முணுமுணுத்ததை மதினா தாழ்ந்த குரலில் சொன்னாள். "'ஸாஷாவும் கடிச்சான், தான்யாவும் கடிச்சா. கடிச்சவங்க யாருமே வரல. நான் கடிக்கமாட்டேன்'ங்குது, அக்கா."

தூக்கிக்கொண்டு போய்விடலாம். தடுக்க இனி யாருக்கும் உரிமையில்லை. லோர்னா ஒரு கணம் அதைத்தான் நினைத்தாள். பிறகு முழங்காலிட்டு, ரொட்டியை வாங்கி, ஒரு பெரிய வாயாகக் கடித்தாள்.

"சொல்லு மதினா. மிச்சத்தத் தின்ன நானும் இவகூட இங்க திரும்பி வரணும்."

ரபிகா முதன்முறையாக லோர்னாவிடம் பேசினாள்; மதினா அதை மொழிபெயர்த்தாள். "அடேயப்பா, எவ்ளோ பெரிய வாய்! புள்ளைக்குக் கொஞ்சம் மிச்சம் வையிம்மா."

அயிமுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெரிய தடத்துக்குப் பக்கத்திலேயே சின்னதாகக் கடித்தாள்.

கார் நகர்ந்தபோது ரபிகா வாசலுக்கு வரவில்லை. ஜன்னலுக்குள்ளே அவள் குனிந்து துணியை முடிந்துகொண்டிருந்தது தெரிந்தது. பிறகு பனி எல்லாவற்றையும் மூடியது. அயிம் மடியில் தூங்கிப்போனாள். லோர்னாவின் வாயில் ரொட்டி இன்னும் கரையவில்லை. நன்றி சொல்லத்தான் கண்ணை மூடினாள். வரிசையாகத் தொங்கிய அந்த முடிச்சுகளே தெரிந்தன.

"கர்த்தாவே," என்றாள் மெல்ல, "என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதேயும்."