சனிக்கிழமைக் கதவு

சர்வர்க்காரியின் நாத்தனாருக்கு வாய் கொஞ்சம் நீளம். "பெட்டி முன்னால உக்காந்து அப்படி என்னதான் வெட்டி முறிக்கிறீங்க அண்ணி?" என்று கேட்பாள். அதையும் தனியாக இருக்கும்போது கேட்க மாட்டாள். வீட்டில் நாலு பேர் கூடியிருக்க வேண்டும், அப்போதுதான் கேட்பாள். இருவருக்கும் வேலை ஒரே மருந்துக் கிடங்கில். அண்ணிக்கு மாடியில் கம்ப்யூட்டர் சர்வர் அறை, நாத்தனாருக்குக் கீழே தடுப்பூசி மருந்து வைக்கிற குளிர் அறை. "நானாவது ஒரு கதவைத் திறந்து மூடுறேன். உங்களுக்கு அதுகூட இல்லையே" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தும் கொள்வாள்.

அந்தக் கதவுதான் இப்போது அவள் வேலைக்கே உலை வைத்திருந்தது.

பத்தொன்பது நாளுக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை மாலை, குளிர் அறையைச் சாத்திவிட்டு அவள் வீட்டுக்குப் போனாள். திங்கட்கிழமை காலை வந்து திறந்தால் உள்ளே அடுப்படி மாதிரி வெக்கை. இருந்த மருந்தெல்லாம் பாழ். மெக்கானிக் வந்து பார்த்தார். குளிரூட்டும் மெஷின் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. "மெஷின்ல ஒரு குறையும் இல்ல. கதவைச் சரியா சாத்தாமப் போயிருப்பாங்க" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான், பழி முழுக்க இவள் தலையில் விழுந்தது. விசாரணை நடந்தது. முடிவு இன்றைக்கு மூன்றரை மணிக்கு. வேலை போனால், தனியாளாக இரண்டு பெண்களை வளர்க்கிறவள் என்ன செய்வாள்?

"சாத்தினேன் அண்ணி. கைப்பிடியைத் திருகினேன், இழுத்தும் பாத்தேன். சத்தியமா சாத்தினேன்" என்று நேற்று மாலை படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். நீளமான அந்த வாய் கோணிக்கொண்டு அழுததைச் சர்வர்க்காரி அதுவரை பார்த்ததில்லை.

"அட, அழாதம்மா! கதவு திறந்தாலும் மூடினாலும் என் சர்வர்ல ஒரு வரி விழும். மெஷின் நின்னாலும் விழும். அன்னிக்கு விழுந்த லாக், அதான் அந்தப் பதிவு, பத்திரமா இருக்கு. காலையில எடுத்து மேலாளர் கையில குடுக்கிறேன், போ" என்று இவளும் மார்தட்டிக்கொண்டு சொல்லிவிட்டாள்.

சொன்னதில் தப்பில்லை. இருபத்து நாலு நாளுக்கு முன்னால்தான் லாக் ஃபைல்களைச் சுழற்றுகிற ஏற்பாட்டை இவளே தன் கையால் புதிதாக எழுதி வைத்திருந்தாள். நாள் முடிந்ததும் அன்றைய ஃபைலுக்குத் தேதி போட்டுப் பெயர் மாற்ற வேண்டும், காலியான புது ஃபைல் ஒன்றை வைக்க வேண்டும், பழையதைச் சுருக்கி, அலுவலகத்தில் எல்லோரும் 'பழசுப் பெட்டி' என்று சொல்கிற இன்னொரு மெஷினுக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும். ஏழு நாள் ஆனதும் இங்கே இருப்பதை அழித்துவிடலாம். எல்லாம் தானாக நடக்கும். எழுதி முடித்த அன்று தன் முதுகில் தானே தட்டிக்கொண்டாள்.

இன்று காலை பழசுப் பெட்டியைத் திறந்தாள். சனிக்கிழமை ஃபைல் இருந்தது. அளவு: பூஜ்யம்.

ஞாயிறும் பூஜ்யம். முந்தின வெள்ளியும் பூஜ்யம். ஏற்பாடு செய்த மறுநாளிலிருந்து நேற்று வரைக்கும் வரிசையாக, தேதி மட்டும் அழகாகப் போட்டு, உள்ளே ஒரு எழுத்து கிடையாது. ஒரு நாளாவது திறந்து பார்த்திருக்கக் கூடாதா? ஃபைல் வந்து சேர்ந்ததா என்று பார்த்தாளே தவிர, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கவில்லை. இந்த வேலையில் இருக்கிறவர்களைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு தப்பைச் செய்ய வராது.

எங்கே கோட்டை விட்டோம் என்பது பத்து நிமிஷத்தில் தெரிந்துபோயிற்று. ஃபைலை மாற்றினாள், சரி. ஆனால் குளிர் அறையைக் கவனிக்கிற புரோகிராமிடம் 'இனி புது ஃபைலில் எழுது' என்று சொல்லும் ஒரு வரியை விட்டுவிட்டாள். சொல்லாததை அது எப்படிச் செய்யும்? தெரிந்து என்ன புண்ணியம்! பழைய ஃபைல் சுருக்கப்பட்டு, அழிக்கப்பட்டு, நாளாகிவிட்டது.

மத்தியானம் நாத்தனார் சாப்பாட்டு டப்பாவோடு மேலே வந்தாள். கண் வீங்கியிருந்தது, ஆனாலும் முகம் தெளிவாக இருந்தது.

"ராத்திரி நிம்மதியாத் தூங்கினேன் அண்ணி. நீங்க சொன்னதுக்கப்புறம் பயமே போயிடுச்சு. எடுத்துட்டீங்களா?"

"எடுத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள் சர்வர்க்காரி. அந்தப் பொய்யைச் சொன்ன பிறகு சோறு இறங்கவில்லை. டப்பாவை மூடி வைத்துவிட்டாள். "சாப்பிடுங்க, எனக்காகப் பட்டினி கிடக்காதீங்க" என்று அதற்கும் அவளே ஆறுதல் சொல்லிவிட்டுக் கீழே போனாள். பாவி, பாவி என்று சர்வர்க்காரி தன்னையே திட்டிக்கொண்டாள்.

இரண்டே முக்காலுக்குக் கூட வேலை செய்பவர் எட்டிப் பார்த்தார். பிரிண்டர் மக்கர் பண்ணினாலும் சரி, மேலாளருக்குத் தலைவலித்தாலும் சரி, எதற்கெடுத்தாலும் 'ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க' என்பவர் அவர். அதனால் அவருக்குப் பெயரே 'ரீஸ்டார்ட்' என்று ஆகிவிட்டது.

"குளிர் அறை சர்வர்ல இடம் தொண்ணூத்தெட்டு சதவீதம் ரொம்பிடுச்சு. நூறு ஆச்சுன்னா எல்லாம் படுத்துடும். மூணு மணிக்கு ஒரு ரீஸ்டார்ட் போட்டுடறேன்."

"போடுங்க" என்றாள் அவள், பிடிப்பே இல்லாமல். அவர் பக்கத்து அறைக்குப் போய்விட்டார்.

தொண்ணூற்றெட்டு. எதனால் நிரம்பும்? சும்மா கை போன போக்கில் அந்த சர்வரில் இருக்கிற ஃபைல்களையெல்லாம் கூட்டிப் பார்த்தாள். எல்லாம் சேர்ந்தும் பாதி இடம்கூட வரவில்லை. மறுபடி கூட்டினாள். அதே பாதி. அப்படியென்றால் மீதிப் பாதியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது யார்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதையாக அல்லவா இருக்கிறது!

சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஒரு ஃபைலை அழித்தால் போவது அதன் பெயர் மட்டும்தான். ஏதாவது ஒரு புரோகிராம் அதைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தால், அது விடுகிற வரைக்கும் உள்ளே இருப்பது அழியாது. வாசலில் இருக்கிற பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டால் உள்ளே குடியிருப்பவர் காலி செய்துவிட்டார் என்று ஆகுமா? புது ஃபைலுக்கு மாறு என்று யாரும் சொல்லாத அந்தப் புரோகிராம், இருபத்து நாலு நாளாகப் பெயரில்லாத அந்தப் பழைய ஃபைலிலேயே விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறது. சனிக்கிழமை அதற்குள் இருக்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் புரோகிராம் கையை விட்டுவிடும், எல்லாம் போய்விடும்.

சுவரில் மணி இரண்டு ஐம்பத்தேழு.

செருப்பை மாட்டக்கூட நேரமில்லாமல் ஓடினாள். பக்கத்து அறையில் அவர் ரீஸ்டார்ட் கட்டளையை அடித்து முடித்துவிட்டு, ஒரு விரலை அந்தரத்தில் தூக்கி வைத்திருந்தார்.

"தொடாதீங்க! கையை எடுங்க!"

அவர் பயந்துபோய் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிவிட்டார். "என்னங்க, ஷாக் அடிக்குதா?"

"அடிச்சது, எனக்குத்தான். நகருங்க சொல்றேன்."

அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்து, புரோகிராம் பிடித்து வைத்திருக்கிற ஃபைல்களைப் பட்டியல் எடுத்தாள். நாலாவது வரியில் இருந்தது. பெயருக்குப் பக்கத்தில் 'அழிக்கப்பட்டது' என்று குறிப்பு, அதற்கும் பக்கத்தில் மலை போல அளவு. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த சர்வரில் பிரதி எடுக்க இடமில்லை, அதனால் அதை அப்படியே பழசுப் பெட்டிக்கு அனுப்பினாள். பதினோரு நிமிஷம் ஆகும் என்றது திரை.

"மேலாளரைக் கூட்டிட்டு வாங்க. என் நாத்தனாரையும்தான்" என்றாள் ரீஸ்டார்ட்டிடம். "நான் தனியாத் திறந்தேன்னா, சொந்தக்காரிக்காக நானே எழுதிச் சேர்த்தேன்னு ஒரு பேச்சு வரும். அவர் கண் முன்னாலேயே திறக்கிறேன்."

மேலாளர் வந்தார். கையில் ஒரு தாள் இருந்தது. "முடிவு எழுதியாச்சும்மா, கையெழுத்துதான் பாக்கி. பழைய பதிவு இருக்காமே, அதை இவ்வளவு நாளா ஏன் குடுக்கல?"

இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம், அவருக்கும் புரிந்திருக்காது. ஆனால் பின்னால் நாத்தனார் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"என் தப்பு சார். பதிவைப் பாக்கணும்னே நேத்துதான் தோணிச்சு. சுழற்சி ஏற்பாட்டுல ஒரு வரியை விட்டுட்டேன். சேமிச்ச ஃபைலெல்லாம் காலி. அதை நான் ஒரு நாள்கூடத் திறந்து பாக்கல. இவங்க சொல்றது நிசமா பொய்யான்னு காட்ட வேண்டியது என் கையில இருந்துச்சு, நான்தான் தொலைக்கப் பாத்தேன். இப்ப கிடைச்சது அதிர்ஷ்டம்."

நாத்தனாரின் வாய் திறந்தது. "நேத்து பத்திரமா இருக்குன்னு சொன்னீங்களே?"

"நேத்து எனக்கே தெரியாது. மத்தியானம் உன்கிட்ட சொன்னதுதான் பொய். மன்னிச்சுக்கம்மா."

திரையில் பிரதி முடிந்தது. அந்தச் சனிக்கிழமையைத் தேடிக் கொண்டுவந்தாள். மேலாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தானே சத்தமாகப் படித்தார். சனி மாலை ஐந்து ஐம்பத்திரண்டு, கதவு மூடியது. அதற்கப்புறம் கதவைப் பற்றி ஒரு வரியும் இல்லை, திங்கள் காலை ஏழு நாற்பதுக்குத் திறந்தது என்பது வரைக்கும். நடுவில் ஞாயிறு காலை பதினொன்று ஆறுக்கு, குளிரூட்டும் மெஷின் நின்றது. திங்கள் காலை ஏழேகாலுக்கு அதுவாகவே மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது. மெக்கானிக் வந்தபோது அது ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

மேலாளர் இரண்டாம் தடவையும் படித்தார். பிறகு கையிலிருந்த தாளை நாலாகக் கிழித்து மேஜை மேல் வைத்தார்.

"நீங்க வேலையைப் பாருங்கம்மா" என்றார் நாத்தனாரிடம். "நாங்கதான் அவசரப்பட்டுட்டோம்." பிறகு சர்வர்க்காரி பக்கம் திரும்பி, "உங்ககிட்ட ஒரு விளக்கக் கடிதம் வேணும். நாளைக்குள்ள" என்றார்.

"இன்னிக்கே தரேன் சார்!" என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னதைப் பார்த்து அவர் குழம்பிப் போனார். விளக்கம் எழுதிக் கொடுக்க இவ்வளவு சந்தோஷப்படுகிற ஆளை அவர் எங்கே பார்த்திருப்பார்?

எல்லோரும் போனபிறகு நாத்தனார் வந்து அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வயித்துல பாலை வார்த்தீங்க அண்ணி. ஆனா முதல்ல புளியைக் கரைச்சதும் நீங்கதான்" என்றாள்.

"ஆமாண்டி. ரெண்டும் நான்தான்" என்று சர்வர்க்காரியும் ஒப்புக்கொண்டாள். அப்புறம் மத்தியானம் மூடிவைத்த டப்பாவைத் திறந்து, ஆறிப்போன சோற்றை இரண்டு பேரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள்.

விட்டுப்போன அந்த ஒரு வரியைச் சேர்த்தாள். பிறகு பக்கத்து அறையைப் பார்த்து, "இப்ப போடுங்க சார், உங்க ரீஸ்டார்ட்டை" என்று குரல் கொடுத்தாள். அவர் தெம்பாகப் போட்டார். தொண்ணூற்றெட்டு, நாற்பத்தொன்பதாக இறங்கியது. புது ஃபைலைத் திறந்தாள். வரிகள் விழுந்துகொண்டிருந்தன. திறந்து பார்த்தாயிற்று என்று தெரிந்தும் இன்னொரு தடவை திறந்து பார்த்தாள்.

ஐந்தே முக்காலுக்கு மேல் போன் அடித்தது. கீழேயிருந்து நாத்தனார்.

"அண்ணி, சாத்திட்டேன். கைப்பிடியைத் திருகிட்டேன், இழுத்தும் பாத்துட்டேன். உங்க பெட்டியில விழுந்துச்சா?"

சர்வர்க்காரி திரையின் கடைசி வரியைப் பார்த்தாள். கதவு மூடியது, ஐந்து நாற்பத்தெட்டு.

"விழுந்துச்சும்மா" என்றாள். "நீ நிம்மதியா வீட்டுக்குப் போ."