கடலுக்குப் போதுமான போனஸ்

ஹைதராபாத்தின் நாச்சாரம் பகுதியில் ஒரு மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்துக்குப் பொறுப்பாளர் மங்கையர்க்கரசி. குளிர்காலத்தில் ஒருநாள், லாரியில் ஏற்றத் தயாராக இருந்த மாத்திரைகளில் ஏதோ சரியில்லை என்று சந்தேகப்பட்டு, கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். மேலதிகாரிகள் முணுமுணுத்தார்கள். மறுபரிசோதனையில் அவர் சொன்னதுதான் சரி என்று தெரிந்தது. பிப்ரவரியில் நிர்வாகமே அவரை அழைத்து, மார்ச் சம்பளத்தோடு ஒரு லட்சம் ரூபாய் போனஸ் என்று அறிவித்தது.

அன்று மாலை அல்வாலில் இருக்கும் வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கணவரிடமும் மகளிடமும் சொன்னார்.

"அந்தமான் போலாம். மூணு பேரும் ஃப்ளைட்ல."

கணவர் மோகன் பள்ளியில் ஓவிய ஆசிரியர். பிள்ளைகளுக்குக் கப்பலும் அலையும் வரையக் கற்றுக்கொடுப்பவர். ஆனால் சிகந்தராபாத்தில் பிறந்து வளர்ந்த அவர் கடலைப் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு வருடமும் போக நினைப்பதும் ஏதாவது செலவு வந்து நிற்பதுமாக இருந்தது. மறுநாளே ஆசிரியர் அறை முழுக்க அந்தமான் பேச்சுதான்.

அடுத்த வாரம் கணக்குப் பிரிவில் இருக்கும் பிரசன்னா மங்கையர்க்கரசியைக் கூப்பிட்டான். கோயம்புத்தூர்க்காரன், ஹைதராபாத்துக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை.

"மேடம், போனஸ்ல உங்க கைக்கு இருபத்துநாலாயிரம்தான் வருமுங்க."

"மீதி?"

"வரிங்க."

"இந்த வருஷம் எனக்கு வரியே பிடிக்கலையே. எங்கயோ தப்பு இருக்கு, பாருங்க."

"ரெண்டு தடவ பாத்துட்டேனுங்க. உங்க சம்பளம் மட்டும்னா வரி இல்லாத எல்லைக்குள்ள இருக்கீங்க. போனஸ் சேந்தா அதைத் தாண்டிடறீங்க. தாண்டிட்டா போனஸுக்கு மட்டும் வரி இல்லீங்க, கீழ இருக்கற சம்பளத்துக்கும் சேத்துக் கணக்குப் போடுவாங்க. எழுபத்தஞ்சாயிரத்துச் சொச்சம் வருது."

மங்கையர்க்கரசி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். கொடுத்த பரிசைப் பாதி வழியில் யாரோ பிடுங்கிக்கொண்டது போல் இருந்தது.

"ஒரு வழி இருக்குங்க," என்றான் பிரசன்னா. "போனஸ்ல எண்பத்தஞ்சாயிரத்தக் கம்பெனியே உங்க பேர்ல பென்ஷன் திட்டத்துல கட்டிரலாம். அது வருமானத்துல கழிஞ்சிருமுங்க. எல்லைக்குள்ள வந்துருவீங்க, வரியே கிடையாது. ஆனா ரிட்டயர் ஆகற வரைக்கும் அந்தப் பணத்தத் தொட முடியாது. இப்பக் கைக்குப் பதினஞ்சாயிரம்தான்."

வரிக் கணக்கை விட, மோகனிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பஸ்ஸில் அவர் மனதை அரித்தது. வீட்டில் மோகன் பிரஷ்களைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்காமலே மங்கையர்க்கரசி எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

மோகன் குழாயை மூடினார். "ஸ்டாஃப் ரூம்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே."

"தெரியும். அதான் கஷ்டமா இருக்கு."

மோகன் ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இப்படி எடுத்தா இருபத்துநாலு, அப்படி எடுத்தா பதினஞ்சு. எப்படி எடுத்தாலும் அந்தமானுக்குப் பத்தாது. நடுவுல இருக்கற ஒம்பதாயிரத்துக்காக எண்பத்தஞ்ச விடறதா? நக்கோ மங்கை, அது வேணாம். பென்ஷன்லயே போடச் சொல்லு."

"அப்ப கடல்?"

உள்ளறையிலிருந்து மகள் ஹர்ஷிதா குரல் கொடுத்தாள். தமிழில் கேட்பதெல்லாம் புரியும். பதில் மட்டும் இந்தியில்தான் வரும். "வைஜாக் சலேங்கே, மம்மி. ட்ரெயின் மே." விசாகப்பட்டினத்துக்கு ரயிலில் போகலாம் என்கிறாள்.

மோகன் மனைவியைப் பார்த்தார். "ஹவ், ஆமா, அங்கயும் கடல்தானே."

மறுநாள் ஆசிரியர் அறையில் மோகன் தாமே விஷயத்தைச் சொன்னார். யாரும் கேலி செய்யவில்லை. இரண்டு பேர் பேனாவை எடுத்துத் தங்கள் சம்பளம் எந்த எல்லையில் நிற்கிறது என்று பார்க்கத் தொடங்கிவிட்டார்களாம்.

பள்ளி விடுமுறை தொடங்கியதும் மூவரும் விசாகப்பட்டினத்துக்கு ரயில் ஏறினார்கள். விடுதியில் பைகளை வைத்த கையோடு கடற்கரைக்கு நடந்தார்கள். மோகன் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீர் ஓரத்தில் நின்றார். முதல் அலை காலை நனைத்தபோது ஓர் அடி பின்வாங்கினார். அடுத்த அலைக்கு நகரவில்லை.

"இவ்வளவு சத்தமா இருக்கும்னு நெனக்கவே இல்ல," என்றார்.

மங்கையர்க்கரசி மசாலாப் பொரி வாங்கி வந்து அவரிடம் கொடுத்தார். ஒரு கையில் பொட்டலம், இன்னொரு கையை ஹர்ஷிதா இழுக்க, மோகன் முழங்கால் ஆழத்துக்குப் போய்விட்டார். இரண்டு கைப்பிடிப் பொரியை அலை கொண்டுபோனது. மங்கையர்க்கரசி மணலில் கால் நீட்டி உட்கார்ந்து, அவர்கள் இருவரும் திரும்பி வருவதற்குள் தனக்கென்று இன்னொரு பொட்டலம் வாங்கிக்கொண்டார்.