இருபத்தெட்டுப் பூச்சு

ரவிச்சந்திரன் பால் மாவு வாங்கிக்கொண்டு வீடு திரும்பியபோது அவனுக்கு இருபத்தெட்டு வயது. அந்தப் பாலைக் குடிக்க வேண்டிய அவன் மகள் ரோகினிக்கு முப்பது முடிந்திருந்தது. ரந்தாவ் பட்டணத்தைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இதற்கு முன் இப்படி ஏதும் நடந்ததாகத் தெரியவில்லை. ஆனால் நடந்தது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, நல்ல வெயிலில், அக்கம்பக்கத்து மூன்று வீட்டார் கண்ணெதிரே என்பதால், இல்லையென்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

தொண்ணூற்றாறாம் வருஷம் மார்ச் மாதம், இரண்டு வயதுக் குழந்தைக்குப் பால் மாவு தீர்ந்துவிட்டதென்று அவன் தன் சிவப்பு மோட்டார் சைக்கிளில் ரந்தாவுக்குப் போனான். சாயங்காலம் பதினாலாம் நம்பர் ரப்பர் காட்டோரம் மோட்டார் மட்டும் நின்றது, சாவி அதிலேயே தொங்கியது. போலீஸ் மூன்று நாள் தேடிவிட்டு மோட்டாரைக் கொண்டுவந்து ஒப்படைத்தது. போர்டிக்சன் கடலில் விழுந்துவிட்டான் என்றார்கள் பாதிப்பேர். பகாவ் ஊரில் ஒரு பெண்ணோடு குடித்தனம் நடத்துகிறான் என்றார்கள் மீதிப்பேர். அவன் மனைவி மயிலம்மாள் பகாவையே நம்பினாள். பகாவென்றால் ஆள் உயிரோடு இருக்கிறான். ஆனால் அந்தச் சிவப்பைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை. அந்தத் தீபாவளிக்கு வீட்டுச் சுவருக்கு அடித்து மிஞ்சிய வெள்ளைச் சாயத்தை எடுத்து டேங்க், மட்கார்டு, விளக்குக் கூடு என்று ஓரிடம் விடாமல் பூசினாள். மறுவருஷம் கோயிலில் மிஞ்சிய மஞ்சள். அதற்கடுத்து பள்ளிக்கூட கேட்டுக்கு அடித்த நீலம். ரப்பரை வெட்டி செம்பனை நட்டார்கள். தோட்டத்து லயத்தை இடித்துத் தாமான் குடியிருப்பில் வீடு கொடுத்தார்கள். மோட்டாரும் கூடவே வந்தது. தீபாவளிக்கு ஒரு பூச்சு என்று இருபத்தெட்டுப் பூச்சு ஏறியபோது டேங்க் தலையணை மாதிரி உப்பியிருந்தது.

போன வருஷம் பழைய இரும்பு லாரி வந்தபோது, எடுத்துப் போகட்டும் என்றாள் மயிலம்மாள். செனாவாங்கில் தொழிற்சாலை வேலை பார்த்த ரோகினி குறுக்கே நின்றாள். தன் கப்சாய் மோட்டாரைத் தானே பிரித்துப் பூட்டுகிறவள் அவள்.

"குடுக்காதம்மா. நான் சுரண்டிப் பாக்கறேன்."

"சுரண்டி என்னா கிடைக்கப் போவுது?"

"இரும்பு கிடைக்கும்லா."

அவளிடம் கருவி என்று பெரிதாக எதுவும் இல்லை. ரம்பத் தகடு ஒன்றைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சுரண்டி செய்தாள். செத்துப்போன துணி துவைக்கும் மெஷினின் மோட்டாரைப் பலகையில் பூட்டி அதன் அச்சில் கம்பி பிரஷ் மாட்டினாள். பாதியாக வெட்டிய எண்ணெய்த் தகரத்தில் காஸ்டிக் சோடா கரைத்து, சின்னச் சாமான்களைச் சட்டை மாட்டும் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டாள். இரும்பு தாங்கியது. தெரியாமல் போட்ட அலுமினியப் பிரேக் பிடி நுரைத்து நுரைத்துப் பாதியாகிவிட்டது. டேங்குக்குச் சாயம் இளக்கும் பசையைப் பூசி, காய்ந்துவிடாமல் சமையலறைப் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, மதியம் வரை வைத்தாள். தாளைப் பிரித்தால் பூச்சு முட்டைத் தோல் மாதிரி சுருங்கிக் கழன்றது.

ஐந்தாவது பூச்சு கழன்ற ஞாயிறு, செம்பனைக் காட்டுக்குள் யாரோ செருப்புக் காலோடு காய்ந்த மட்டைகளின்மேல் நடக்கிற சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு முனியாண்டி, ஒரு காலத்தில் தோட்டத்து ஆட்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்தவர், பழக்குலை திருடர்கள் என்று பாராங் கத்தியோடு போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். ரோகினிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் சுரண்டினால் காலடி கேட்டது, நிறுத்தினால் நின்றது. வாராவாரம் அது கிட்டே வந்தது. சோறு வடித்துக்கொண்டிருந்த மயிலம்மாள் ஒருநாள், "அந்தச் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியும்" என்றாள்.

பத்தாவது ஞாயிறு அடி வெள்ளையும் கழன்று சிவப்பு தெரிந்தது. ரோகினி நிமிர்ந்தாள். கையில் பால் மாவு டின்னோடு ஒருவன் வாய்க்காலைத் தாண்டி வந்து நின்றான்.

"அக்கா, இது என் மோட்டார்லா. யாரு டேங்க கழட்டுனது?"

அலமாரியில் இருந்த அப்பா புகைப்படத்தின் அதே முகம். ஒன்றுக்குப் போகக் காட்டோரம் நிறுத்தியதாகவும், திரும்பிப் பார்த்தால் மோட்டாரையும் காணோம், ரப்பர் மரங்களையும் காணோம் என்றும் அவன் கோபமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். பேச்சுக் குரல் கேட்டு மயிலம்மாள் வெளியே வந்தாள். அவளைப் பார்த்ததும் அவன் மரியாதையாகக் குரலைத் தணித்துக்கொண்டு, "அத்தே, மயிலு எங்க?" என்றான்.

ஐம்பத்திரண்டு வயது மயிலம்மாள் உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள்.

மூன்று நாள் அவள் அறையை விட்டு வரவில்லை. அத்தைக்கு என்ன கோபம், மயிலு எங்கே போயிருக்கிறாள், பாப்பா யார் வீட்டில் இருக்கிறது என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். ரோகினி ஏதேதோ சொன்னாள். தன்னைவிடச் சின்னவனை அப்பா என்று எப்படிக் கூப்பிடுவது, சோறு போடும்போது வாங்க என்பதா வா என்பதா, அதுவே அவளுக்குப் பிடிபடவில்லை. நான்காம் நாள் கதவுக்குப் பின்னாலிருந்து மயிலம்மாள், "சாயத்தத் திரும்ப அடிச்சிரு" என்றாள். "அத்தைன்னு கூப்புட்டுட்டான். என்னால முடியாது. பழையபடி அடிச்சிரு."

ரோகினி ஒரு டின் கறுப்புச் சாயம் வாங்கி வந்தாள். எதற்கென்று புரியாமலே பிரஷ்ஷை நனைத்து டேங்கில் ஒரு இழுப்பு இழுத்தாள். வாசற்படியில் உட்கார்ந்து பால் மாவுக் கடைக்காரனைப் பற்றி ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்த ரவிச்சந்திரன் பாதியில் எழுந்தான். "ஒன்னுக்குப் போய்ட்டு வந்துர்றேன்" என்று செம்பனைப் பக்கம் நடந்தான். அவள் டேங்கையும் அவன் முதுகையும் மாறி மாறிப் பார்த்தாள். பிரஷ்ஷைக் கீழே போட்டாள்.

அவன் போவது தெரிந்ததும் கதவு படாரென்று திறந்தது. மயிலம்மாள் வெறுங்காலோடு ஓடிவந்து சாயம் கரைக்கும் தின்னர் டின்னை டேங்கில் கவிழ்த்து, முந்தானையால் அந்தக் கறுப்பைத் துடைத்தாள். துணி கிழியும்வரை துடைத்தாள். வாய்க்காலோரம் போனவன் நின்றான், திரும்பினான்.

"எதுக்கு எழுந்தேன்?" என்று கேட்டான்.

"நான்தான் மயிலு" என்றாள் அவள். "எனக்கு வயசாயிருச்சு. உன்னாலதான்."

அவன் கிட்டே வந்து அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். அவள் மூச்சு வாங்க நின்று, இருபத்தெட்டு வருஷமாக வைத்திருந்ததைக் கேட்டாள்.

"பகாவ்ல பொம்பள இருந்துச்சா?"

"பகாவுக்கே நான் போனதில்ல மயிலு."

மயிலம்மாள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதாள். பிறகு அடுப்பைப் பற்றவைத்தாள். அந்தப் பால் மாவு கட்டி தட்டாமல் புதிதாகவே இருந்தது. கலக்கி மூன்று பேரும் குடித்தார்கள். அவன் குடித்துவிட்டு ரோகினியின் தலையைத் தொடலாமா என்பதுபோல் கையைத் தூக்கி, தயங்கி, தொட்டான்.

அடையாள அட்டை மாற்றப் போனபோது கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண் கைரேகை ஒத்துப்போவதைப் பார்த்து, ஐம்பத்தாறு வயதுக்கு நன்றாக உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று பாராட்டி முத்திரை குத்தினாள். அவன் செனாவாங்கிலேயே லாரிக்கு ஏற்றும் வேலையில் சேர்ந்தான். ரோகினியை அவ்வப்போது வாய் தவறி அக்கா என்றான். அவளும் சில மாதத்தில் அப்பா என்று கூப்பிடப் பழகிவிட்டாள், எதிரே இருப்பவர்கள் திரும்பிப் பார்த்தாலும். ரோகினி கெட்ட சாமான்களை மாற்றிப் பூட்டி மோட்டாரை ஓடவைத்தாள். அதற்கு மறுபடி யாரும் சாயம் அடிக்கவில்லை. சுரண்டி பட்ட இடங்களில் துரு ஏறாமலிருக்க மயிலம்மாள் வாரம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைத்தாள். மறு மார்ச்சில் அவனுக்கு இருபத்தொன்பது ஆனது.

இப்போது சனிக்கிழமைகளில் அவனும் மயிலம்மாளும் அந்த மோட்டாரில் ரந்தாவ் பாசாருக்குப் போகிறார்கள். மீன் விற்கிற நீலாவதி புதிதாகக் கடை போட்டவள். முதல் வாரம் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மகனாக்கா?" என்று கேட்டாள்.

"புருஷன்லா" என்றாள் மயிலம்மாள், கெம்போங் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தபடி. "இது கிலோ எவ்ளோ?"