வெண்டல் கிராலிக் பந்தை எறியவேண்டிய நாள்

1

மார்லீன் கிராலிக் இந்தக் கதையை என்னிடம் சொன்னது எழுதுவதற்காக அல்ல. அவருக்காக நான் ஒரு பொய் சொல்லவேண்டும், அதற்காக. நெப்ராஸ்காவில், எங்கள் கல்லூரியின் பேஸ்பால் ஆட்டங்களுக்கு மைக்கில் அறிவிப்புச் செய்யும் லைல் நான். அவருடைய கணவர் வெண்டல் அந்த அணியின் பயிற்சியாளர்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘ஏப்ரல் காற்று சோளக்கதிர்களை அலைத்தபடி’ (ஏப்ரலில் கதிர் ஏது? அடித்துவிட்டேன்.)

பிறகு: ‘எதற்குமே பயப்படாத மனிதர் வெண்டல்’

அந்த வாக்கியத்தையும் முடிக்கவில்லை. ஊர் அப்படித்தான் நம்பியது. இறைச்சியும் பீன்ஸும் போட்ட சில்லிக் குழம்புக் கிண்ணத்தை முன்னால் வைத்துக்கொண்டு மார்லீன் பேச ஆரம்பிக்கும்வரை நானும் நம்பினேன்.

2

(இந்தப் பகுதியில் மட்டும் வெண்டலை ‘அவன்’ என்கிறேன். அப்போது வயது இருபத்து மூன்று.)

எங்கள் கல்லூரிக்கு அவன் கேட்சராக ஆடியதைப் பார்த்து ஒரு தொழில்முறை கிளப் தன் கீழ்மட்ட அணிக்கு எடுத்துக்கொண்டது. பிட்சர் வீசும் பந்தைக் கேட்சர் பிடித்துப் பிட்சரிடமே திருப்பி எறியவேண்டும். பிடிப்பதுதான் வித்தை. திருப்பி எறிவதை யாரும் கவனிப்பதுகூட இல்லை. பக்கத்தில் இருப்பவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பது மாதிரி.

அயோவாவில் ஒரு மாலை, அவன் திருப்பி எறிந்த பந்து பிட்சர் ரூபன் டாலின் தலைக்கு மேலே பறந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அடுத்ததும் பறந்தது. சில நாளில் கையை ஓங்குவான், விரல்கள் பந்தை விடாது. மறுபடி ஓங்குவான். ஓங்கும்போதெல்லாம் கூட்டம் சத்தமாக எண்ணும். ஒன்று, இரண்டு, மூன்று. எதிரணி ஆட்கள் அந்த நேரத்தில் ஓடி ஓட்டம் எடுப்பார்கள். மருத்துவர்கள் கையில் ஒரு குறையும் காணவில்லை. கோடை முடிவதற்குள் கிளப் அவனை அனுப்பிவிட்டது.

* இதற்கு பேஸ்பாலில் ஒரு பெயர் உண்டு. ஆட்டக்காரர்கள் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், சொன்னால் ஒட்டிக்கொள்ளுமாம். நானும் இங்கே எழுதப்போவதில்லை. உத்தி என்று நினைக்காதீர்கள். பயம்.

3

துணைப் பயிற்சியாளராகத் திரும்பிவந்து, தலைமைப் பயிற்சியாளராகி, கோப்பைகள் வென்று, தலை நரைத்து — இத்தனை காலத்தில் அவர் ஒரு பந்தை எறிந்து எந்த மாணவனும் பார்த்ததில்லை. பயிற்சியில் நீளமான மட்டையால் அடித்துத் தருவார். காலடியில் பந்து உருண்டு வந்தால் எட்டி உதைப்பார். அது அவருடைய ஸ்டைல் என்று பையன்கள் அதையும் காப்பி அடித்தார்கள்.

இந்த வருடம் மைதானத்துக்கு அவர் பெயரையே வைக்கக் கல்லூரி முடிவுசெய்தது. இப்படிப்பட்ட நாளில் ஆட்டத்துக்கு முன்னால் ஒருவர் மரியாதைக்காக முதல் பந்தை எறிவது வழக்கம். விருந்து மேடையில் கல்லூரித் தலைவர் சொன்னார்: “அன்னிக்கு முதல் பந்தை நீங்களே போட்டுடுங்க, கோச்.” கைதட்டல். வெண்டல் தலையாட்டிவிட்டார். வேறென்ன செய்யமுடியும்?

“டிராக்டர் கொட்டகையில மெத்தையைத் தொங்கவிட்டு எறியறாரு, லைல்” என்றார் மார்லீன். “தனியா இருந்தா ஒவ்வொண்ணும் ஒரே இடத்துல போய் விழுது. நான்தான் கையுறையை மாட்டிக்கிட்டு எதிர்ல போய் நின்னேன்.”

“அப்புறம்?”

“கை மேல போச்சு. அங்கயே நின்னுடுச்சு. மூஞ்சி சுண்ணாம்பாட்டம் வெளுத்துப்போச்சு. ‘தள்ளிப்போ மார்லீன், உன்னை அடிச்சிடுவேன்’னாரு. கல்யாணம் ஆனதுலருந்து அந்தக் குரலை நான் கேட்டதே இல்ல.” சில்லியைத் தள்ளிவைத்தார். “தோள்ல ஆப்பரேஷன், எறிய முடியாதுன்னு மைக்ல சொல்லிடுங்க. நீங்க சொன்னா ஊரே நம்பும்.”

சரி என்றேன்.

4

ரூபன் டால் என்ற பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. முதல் பந்தைப் பிடிக்க அந்தப் பழைய பிட்சரையே விசிட்டாவிலிருந்து கல்லூரி வரவழைத்திருந்தது. என் குறிப்பில் அவர் கலகலப்பான ஆள்.

“என்னடா வெண்டல், அந்தத் தொப்பையைப் பந்து எறியற மேட்டுல ஏத்திடுவியா?” என்றார். “நீ மேல போட்டாலும் பிடிச்சிடுவேன். ஏணி கொண்டாந்திருக்கேன்.”

“கீழ போட்டா என்னடா பண்ணுவ, கிழவா? குனிவியா?”

இருவரும் சிரித்தார்கள். ரூபன் மட்டும் கையுறையை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார். அவருக்கும் பயமா, அல்லது எழுதும்போது என் பயத்தை அவர்மேல் ஏற்றுகிறேனா, தெரியவில்லை.

வெண்டலைத் தனியாக இழுத்துப்போனேன். “தோள்னு சொல்லிடறேன். மார்லீன் எல்லாம் சொன்னாங்க.”

வெண்டல் வாசலில் மாட்டியிருந்த புதுப் பலகையைப் பார்த்தார். “சொன்னா தப்பிச்சுடுவேன்.”

“அப்ப சொல்லிடறேன்.”

“வேணாம், லைல். நாளையிலருந்து என் பேர் போட்ட பலகைக்குக் கீழதான் உள்ள வரணும். தினமும் அதைப் பார்க்கணும்.”

“பயமா இல்லையா?”

“காலையில தின்ன முட்டை வெளிய வந்துடுச்சு. காபியும் வந்துடுச்சு. இனி வயித்துலருந்து வர ஒண்ணும் இல்ல.” தொப்பியைச் சரிசெய்துகொண்டார். “நீ என் பேரை மட்டும் சொல்லு. வேற எதுவும் சொல்லாத.”

மைக்கில் பெயரைச் சொன்னேன். வேறெதுவும் சொல்லாமல் மைக்கை அணைத்தேன். அவர் மேட்டில் ஏறினார். கோட்டோரம் வரிசையாக நின்ற பையன்கள் சூரியகாந்தி விதை மெல்வதைக்கூட நிறுத்தியிருந்தார்கள். ரூபன் குந்தி உட்கார்ந்தார். வெண்டல் கையை ஓங்கினார்.

5

இரண்டு முடிவுகள் எழுதினேன்.

அ) பந்து நேராகக் கையுறைக்குள் விழுகிறது. ரூபன் ஓடிவந்து

ஆ) பந்து ரூபனின் தலைக்கு மேலே, வலையைத் தாண்டி, கூட்டத்தில் யாரோ ஒருவர்

உண்மையில் நடந்தது எனக்குத் தெரியும். வந்தவர்களுக்கும் தெரியும். மார்லீன் இரண்டையும் படித்துவிட்டுச் சொன்னார்: “உள்ள விழுந்துச்சுன்னு எழுதினா, குணமாயிட்டாருன்னு வாழ்த்து அட்டை அனுப்புவாங்க. மேல போச்சுன்னு எழுதினா, பாவம்பாங்க. ரெண்டும் அவருக்கு வேணாம். கையை ஓங்கினதோட விட்டுடுங்க.”

வாக்குக் கொடுத்தேன். அப்படியே விட்டேன். மறுநாள் படித்துப் பார்த்தேன். கை தலைக்கு மேலே. கூட்டத்தில் சத்தமில்லை, யாராவது ‘ஒன்று’ என்று ஆரம்பித்துவிடுவார்களோ என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த மனிதர் இளவயதிலிருந்து நின்றுகொண்டிருப்பது இங்கேதான். இன்னொரு முறை அவரை இங்கேயே நிறுத்திவைத்துவிட்டு என்னால் எழுந்து சாப்பிடப் போக முடியவில்லை. மார்லீனுக்குக் கொடுத்த வாக்கை மீறவும் முடியவில்லை.

நீங்கள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லையே. பந்து எங்கே போய் விழவேண்டும் என்பது உங்கள் இஷ்டம். முதலில் அவருடைய விரல்களைத் திறந்துவிடுங்கள்.