ஐந்தரைக் கட்டை

நாலா, ஐந்தரையா... நாலென்றால் நாலு, வருஷக்கணக்காக நாலில்தானே பாடிவந்தாள், கேட்டவர்களுக்கெல்லாம் என்னுடைய சுருதி நாலு கட்டை என்று பெருமையாகச் சொல்லியும் வைத்தாள், இப்போது பார்த்தால் தொண்டை வேறு கதை சொல்கிறது. கொட்டாஞ்சேனையில் ஏறின பஸ் கொழும்புப் புறக்கோட்டைச் சனநெரிசலைத் தாண்டமுடியாமல் ஊர்ந்துகொண்டிருந்தது. சரோஜினிதேவிக்கு ஜன்னலோரம் கிடைத்திருந்தது, சனிக்கிழமைப் பின்னேரத்தில் அது கிடைப்பதே பெரிய விஷயம், ஆனால் அவள் வெளியே எதையும் பார்க்கவில்லை. நாளைக் காலை நுகேகொடையில் ஸ்டூடியோ. அவளுடைய ஸ்டூடியோ. விலைக்கு வாங்கினது இல்லைதான், ஒரு காலைப்பொழுதுக்கு வாடகைக்குப் பிடித்தது, இருந்தாலும் அந்தப் பொழுது முழுக்க அது அவளுடையதுதானே? ஆறு மெல்லிசைப் பாட்டு, ஆறும் அவள் எழுதினது, ஆறுக்கும் மெட்டுப் போட்டது அவள், பாடப்போவதும் அவள், புதுக்கடையில் ஒரு லோயரிடம் நாள் முழுக்கப் பிறத்தியாரின் வழக்குகளை ரைப் அடிக்கிற ஒருத்திக்கு இது சின்னக் காரியமா? பக்கத்தில் இருந்த மனுஷி திரும்பிப் பார்த்தாள், ஐயோ, வாய்விட்டுச் சிரித்துவிட்டாளோ என்னவோ.

ஸ்டூடியோவைப் பிடிக்கப் போன நாளை நினைத்தால் இன்றைக்கும் தலை கொஞ்சம் தானாக நிமிர்கிறது. லோயரின் கந்தோர் விட்டு நேரே போனாள், புருஷன் நவரத்தினத்திடம் பிடித்து முடிந்த பிறகுதான் சொன்னாள், முதலே சொன்னால் துணைக்கு வருவார், நல்ல மனுஷன், வந்தால் கதைக்கிறதும் அவராகிவிடும். மேசையில் இருந்த பிள்ளை அவளுடைய கைப்பையையும் சேலையையும் பார்த்துவிட்டு, யாரோ ஒரு ஐயாவுக்காக வந்திருக்கிறாள் என்று நினைத்து, "சர்கெ த?", ஐயாவுடையதா, என்று கேட்டாள். சரோஜினிதேவி "நே, மகே" என்றாள், இல்லை, என்னுடையது. யார் பாடுவது? மம. மெட்டு? அதுவும் மம. எழுதினது? மூன்றாவது "மம"வுக்கு அந்தப் பிள்ளை சிரித்து, எழும்பி, கதிரையை இழுத்துப் போட்டாள். சிங்களத்தில் "நான்" என்று இத்தனை தரம், இத்தனை உறுதியாக அவள் எங்கே சொல்லியிருக்கிறாள்? சோதனைச் சாவடியில் சொல்லுகிற "நான்" வேறு, அது குனிந்துகொண்டு சொல்லுவது... பிறகு நேரம் பார்த்தார்கள். மழை பொய்த்து நாடு முழுக்க மின்வெட்டு, முன்னெல்லாம் ராகுகாலம் பார்த்த சனம் இப்போது கரண்ட் காலம் பார்க்கிறது, நுகேகொடைக்கு ஞாயிறு காலையில் வெட்டில்லை, அதையே எடுத்தாள். வெளியே வந்தபோது தெருவில் எல்லாருக்கும் தன்னைத் தெரியும் என்பதுபோல நடந்தாள், ஒருவருக்கும் தெரியாது, அதனால் என்ன?

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, இன்றைக்கு ஒத்திகைக்குப் போகுமட்டும். கொட்டாஞ்சேனையில் கீபோட் வாசிக்கிற ஹியூபேட்டின் வீடு, வாசலுக்கு முன்னால் துறைமுகத்துக் கொள்கலன் லொறிகள், பக்கத்து வீட்டில் பைலாப் பாட்டு, எதிரே கருவாட்டுக்காரன், தெய்வமே, இந்தச் சந்தடியில் எப்படிப் பாடுவது என்று முதலில் மலைத்தாள், பிறகு எதையும் யோசியாமல் பாடிவிட்டாள். வீட்டில் பாடுவதுபோல் பாடினால் தன் காதுக்கே கேட்காது, அதனால் குரலை விட்டாள், குரலும் போனது... போனது என்றால் எப்படி! தண்ணீர்க் குழாயில் அடைப்பு எடுத்ததுபோல. மூன்றாவது பாட்டின் சரணத்தில் தபேலாக்கார இராமர் வாசிப்பதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தான், ஹியூபேட்டும் கையைத் தூக்கினார்.

"மிஸ், கொஞ்சம் நில்லுங்க. நேத்து வெடிங் வீட்டுக்கு ஏத்தி வச்ச சுருதிய நான் இறக்கவே இல்ல. நீங்க இவ்வளவு நேரமும் பாடினது ஐஞ்சரை."

"அதானே பாத்தேன்," என்றான் இராமர், "என் தபேலாவோட சேரவே மாட்டேங்குதேன்னு. நாலுன்னு நீங்க சொன்னீங்கன்னுதானேக்கா பெருச எடுத்து வச்சிருக்கேன்? ஆனா ஒண்ணு சொல்றேன், இந்தக் குரல இத்தனை நாளா எங்கக்கா வச்சிருந்தீங்க?"

எங்கே வைத்திருந்தாள்? அவள் சிரித்து மழுப்பினாள். ஆனால் உடம்பெல்லாம் புல்லரித்திருந்தது, பொய் சொல்வானேன், வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக அவள் ஒருநாளும் உணர்ந்ததில்லை, கலியாணத்தன்றுகூட இல்லை, நவரத்தினம் மன்னிக்கட்டும். ஹியூபேட்டுக்குக் கவலையில்லை, ஒரு பொத்தானை அமத்தினால் சுருதி ஏறும் இறங்கும். இராமருக்குத்தான் வில்லங்கம், நாலுக்குப் பெரிய தபேலா, ஐந்தரைக்குச் சின்னது, சின்னதைக் கொலன்னாவையில் ஒரு சினேகிதனிடம் வாங்கவேண்டும், இரண்டையும் தூக்கிக்கொண்டு நுகேகொடைக்குப் போகமுடியாது. போனமுறை ஒரு சாவடியில் உள்ளே என்ன இருக்கிறது என்று தோலைக் கிழிக்கச் சொன்னார்களாம், தட்டிக் காட்டித் தப்பினானாம், இரண்டென்றால் இரண்டு மடங்கு கேள்வி. பொழுது படுமுன் ஹியூபேட்டுக்குப் போன் எடுத்து எதென்று சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

சோதனைச் சாவடியில் பஸ் நின்றது, எல்லாரும் இறங்கி நடக்கவேண்டும், அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றாள். ஐந்தரையில் நாளைக்கு முறிந்துவிட்டால்? இன்றைக்கு ஏதோ வீம்பில் வந்தது, நாளைக்குக் கண்ணாடி அறை, சுற்றிவரப் பஞ்சு வைத்த சுவர், லொறியுமில்லை பைலாவுமில்லை, அந்த நிசப்தத்தில் தொண்டை பழையபடி ஒடுங்கிக்கொண்டால் போன காலைப்பொழுது திரும்பி வராது, ஆறு பாட்டும் போய்விடும். நாலென்றால் பயமில்லை, நித்திரையிலும் பாடுவாள். ஆனால் அந்த நாலு எங்கிருந்து வந்தது? யாழ்ப்பாணத்தில் பாட்டு வகுப்பில் ஐந்துக்கு மேலேதானே பாடினவள்... ஆமாம், வெள்ளவத்தைக்கு வந்த புதிதில், ஒழுங்கைக்குள் ஒரு சுற்றிவளைப்பு நடந்த அடுத்த நாள், வீட்டுக்காரர் கனகசபாபதி படியேறி வந்தார், முகத்தில் இரத்தமே இல்லை, "பிள்ளை, நல்லாப் பாடுறீர், நான் குறை சொல்லேல்ல, ஆனா ரோட்டுக்குக் கேட்கக்கூடாது, பொலிஸ் பதிவில்லாத ஆக்களும் கீழ இருக்கினம், தெரியும்தானே" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. அன்றிலிருந்து ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியைப் போட்டு, அதன் இரைச்சலுக்குள் பாடப் பழகினாள், நவரத்தினமும் புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல் "சரோ, மெல்ல" என்பார், அவளும் மெல்ல மெல்ல இறக்கி, ஒருநாள் நாலில் போய் நின்றாள், அதையே தன் சுருதி என்று நம்பியும்விட்டாள். இப்படி ஒரு பேய்த்தனம் வேறு யாராவது செய்வார்களா? "கொஹெத யன்னே?" என்று ஆமிக்காரப் பையன் கேட்டான், எங்கே போகிறாய்... வீட்டுக்கு என்றாள், சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது, அவன் அட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், போகச் சொன்னான்.

வெள்ளவத்தையில் இறங்கி நேரே போன் கடைக்குள் நுழைந்தாள். வெளிநாட்டுக்குப் பேச வந்தவர்கள் சுவரோர மரவாங்கு நிறைய இருந்தார்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் யாரோ ஒரு தாய் "கேட்குதோ, கேட்குதோ" என்று கத்திக்கொண்டிருந்தாள், உள்ளூர்ப் போன் வெளியே மேசையில், ஒளிவு மறைவுக்கு இடமில்லை. ஹியூபேட் எடுத்தார். எவ்வளவு யோசித்தாள் பஸ்ஸில், முறிந்தால் என்ன செய்வது, அங்கே ஒடுங்கினால் என்ன செய்வது, ஆனால் வாய் அதையெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

"ஐஞ்சரை. இராமரைச் சின்னதைக் கொண்டுவரச் சொல்லுங்கோ. ஓம் ஓம், யோசிச்சுத்தான் சொல்லுறன். என்ர சுருதி அதுதான்."

வாங்கில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், பார்க்கட்டும். ரோட்டுக்கு வந்தபோது அவளுக்குக் காலிப் பட்டினத்துக்குப் போகிற அந்தக் காலி வீதியே அகலமாகத் தெரிந்தது, முறிந்தால் முறியட்டும், தன் குரலில் முறிந்தது என்று ஆகட்டும். ஒழுங்கைக்குள் திரும்பி, கடற்காற்று முகத்தில் அடிக்க, மூன்றாவது பாட்டை மனதுக்குள் ஐந்தரையில் எடுத்தாள், பல்லவி வந்தது, சரணம் வந்தது, இன்னும் இடம் மிச்சம் இருந்தது, குரல் மேலே போக ஆசைப்பட்டது, ஆனால் மெட்டு போகவில்லை. சரி, நாலாவது பாட்டில் போகும்... அதிலுமில்லை. இரண்டாவதில்? ஒன்றொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள், நடை தானாகக் குறைந்தது. ஆறு பாட்டிலும் மேல் ஷட்ஜத்தைத் தொடுகிற இடம் ஒன்றுகூட இல்லை. எல்லாரும் புகழ்ந்தது அதைத்தானே, என்ன அடக்கமான மெட்டு, கத்தாமல் நெஞ்சைத் தொடுகிறது, இது சரோஜினிதேவியின் பாணி என்றார்களே, அவளும் அதில்தானே எல்லாவற்றிலும் கூடப் பெருமைப்பட்டாள்? அது பாணியா? அல்லது மேலே போனால் ரோட்டுக்குக் கேட்டுவிடும் என்று அந்த அறைக்குள் இருந்து போட்டதா? சுருதியை ஏற்றிவிட்டாள், ஒரு சொல்லில் ஏற்றிவிட்டாள், மெட்டை யார் ஏற்றுவது, இன்று ஓரிரவுக்குள்? ஏற்றத்தான் வேண்டுமா? அழகாகத்தானே இருக்கின்றன, இல்லை, உண்மையாகவே அழகாகத்தான் இருக்கின்றன...

கேற்றடியில் நவரத்தினம் நின்றார், முன்னேரமே வந்து நின்றிருப்பார் போல, கையில் அவளுக்காகச் சுக்குப் போட்ட கோப்பி, தொண்டைக்கு நல்லதென்று யாரோ சொன்னார்களாம்.

"ஒத்திகை எப்பிடி?"

"என்ர சுருதி நாலில்லை, ஐஞ்சரை. நாளைக்கு அதிலதான் பாடப்போறன்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது, பாவம், அவருக்கும் எவ்வளவு பெருமை. "நல்லது சரோ. எனக்குத் தெரியும், நீர் பாடுவீர். பாட்டுகள் அதேதானே, அதில ஒண்டும் மாறாதுதானே?"

கோப்பியை வாங்கிக்கொண்டாள். ஓம் என்றால் முடிந்துவிடும், ஒரு சின்ன ஓம். அவள் வாயைத் திறந்தாள், அவர் காத்துக்கொண்டு நின்றார்.